காது வைத்துக் கேட்ட பதினோரு மரங்கள்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினார். புதிதாகச் சேர்ந்த உதவித் தோட்டக்கலை அலுவலர். நான் காலி செய்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாராம். நாற்காலியின் இடது கால் ஆடுமே என்றேன். அதற்கு அடியில் சீட்டு மடித்து வைத்திருப்பதாகச் சொன்னார். வேலைக்குத் தகுந்த ஆள்தான்.

"சார், தென்னை மரத்துக்குள்ள கூன்வண்டுப் புழு தின்னுற சத்தத்தைக் கேக்கறதுக்கு ஒரு கருவி வந்திருக்குதுங்க. மரத்துல ஊசியாட்டம் குத்தி வெச்சா செல்போன்ல கேக்குதுங்க. நீங்க வெறுங்காதுலயே கேப்பீங்கன்னு இங்க சொன்னாங்க. நம்ம இதழுக்கு அந்த அனுபவத்தை எழுதித் தாங்க சார்."

"எதை வேணும்னாலும் எழுதலாமா?"

"தாராளமா எழுதுங்க சார். ரெண்டு பக்கத்துக்கு மிகாம இருந்தாப் போதும்."

மிகத்தான் போகிறது. அவர் மன்னிக்க வேண்டும்.

ஓய்வு பெற்றவன் என்றதும் வெள்ளைத் தலையும் கைத்தடியுமாக யாரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கி வந்தவன் நான். விருப்பம் யாருடையது என்பதைப் போகப்போகச் சொல்கிறேன். பட்டயப் படிப்பு, மூன்று மாதப் பயிற்சி, வயல்வெளியில் ஐந்தாறு வருடம் என்று மற்றவர்கள் கற்றதைத்தான் நானும் கற்றேன். அதிலே சொல்ல ஒன்றுமில்லை. என்னிடம் இருந்த தனிச் சிறப்பு பயம். காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறி உட்கார்ந்தால், அடிவாரம் தாண்டி முதல் வளைவு வந்ததும் முன்சீட்டுக் கம்பியைப் பிடிப்பேன். எழுபதாவது வளைவு முடியும் வரை விடமாட்டேன். வளைவுகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டே வருவதால் டிரைவர்கள் எனக்கு வைத்த பெயர் 'எழுபது சார்'. ஒருமுறை நடுவில் தூங்கிவிட்டேன். விழித்ததும் கண்டக்டர் கனிவாக, "நாப்பத்தி மூணுங்க சார், அங்கிருந்து ஆரம்பிங்க" என்றார்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் கொல்லிமலைக்குப் போட்டார்கள். வாரத்துக்கு நான்கு நாள் ஏற வேண்டும், நான்கு நாள் இறங்க வேண்டும்.

சரி, காதுக்கு வருகிறேன். சிவப்புக் கூன்வண்டு கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. துரு ஏறிய ஆணி நிறம், முன்னால் வளைந்த மூக்கு. மரத்தில் ஒரு காயம் கிடைத்தால் அதில் முட்டையிடும். புழு உள்ளே போய் மரத்தின் சதையைத் தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் மரம் நன்றாகத்தான் இருக்கும். குருத்து சாய்ந்த பிறகு தெரிந்தால் மாலைதான் வாங்க வேண்டும். அதனால் சாய்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

கேட்பதற்கு முறை உண்டு. காற்று எழுவதற்கு முன், காலையிலேயே போக வேண்டும். வாட்சைக் கழற்றிவிட வேண்டும். வெற்றிலை, மிட்டாய் எதுவும் வாயில் இருக்கக் கூடாது. பல் மேல் பல் படக் கூடாது. உங்கள் பல் சத்தமே மரத்துக்குள் இருந்து வருவது போலக் கேட்கும். ஒரு காதை மரத்தில் ஒட்டி, மறு காதைக் கையால் மூடி, நூறு எண்ணும் வரை அசையாமல் நிற்க வேண்டும். முழங்கால் உயரத்தில் ஒருமுறை, மார்பு உயரத்தில் ஒருமுறை, எட்டிய உயரத்தில் ஒருமுறை. புழு இருந்தால், பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு முறுக்குத் தின்பது போல இருக்கும். முதல்முறை கேட்டபோது என் நெஞ்சிலிருந்து வருகிறது என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குப் போய் படம் எடுத்துக்கொண்டேன். நெஞ்சு நன்றாக இருந்தது. மரம் செத்துப்போனது.

அடுத்து எங்கள் உதவி இயக்குநர். பெயர் வேண்டாம். குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் அவருக்குத் தம்பிதான். மேசையில் ஒரு கண்ணாடிக் குண்டு, உள்ளே நீலப் பூ. அறிக்கையைக் கொடுத்தால் நின்றபடி முழுவதும் படிப்பார். பிடித்திருந்தால் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். பிடிக்காவிட்டால் திட்டமாட்டார், கிழிக்கமாட்டார், திருப்பியும் தரமாட்டார். தாளை மெதுவாகக் கவிழ்த்து வைத்து, மேலே அந்தக் குண்டை வைப்பார். "டீ சாப்பிட்டியா தம்பி?" என்பார். கவிழ்த்து வைத்துவிட்டால் அது நடக்கவில்லை என்று அர்த்தம். வேலையில் இருந்த காலம் முழுக்க அந்தக் குண்டு எத்தனை வறட்சியை, எத்தனை கெட்டுப்போன விதையை மூடியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஒரு தை மாதத்தில் கவர்ச்சிப் பொறித் திட்டம் வந்தது. ஒரு வாளி. பக்கவாட்டில் நான்கு ஓட்டை, வெளியே சாக்குச் சுற்றல், மூடிக்கு உள்ளே தொங்கும் ஒரு சிறு பொட்டலம். வண்டு தன் இனத்தைக் கூப்பிடும் வாசனை அந்தப் பொட்டலத்தில் இருக்கும். நமக்குத் தெரியாது, வண்டுக்கு வெகுதூரத்திலேயே தெரியும். வாளிக்குள் அன்னாசித் துண்டும் தண்ணீரும் கொஞ்சம் மருந்தும் போட்டு, வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். வாசனையை நம்பி வரும் வண்டு உள்ளே விழுந்து சாகும். இதில் ஒரே ஒரு எச்சரிக்கை. பொறியைத் தோப்புக்கு வெளியே, தள்ளிக் கட்ட வேண்டும். உள்ளே கட்டினால், வருகிற வண்டெல்லாம் வாளிக்கே போகும் என்று எந்த வண்டும் நமக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

மலையில் தென்னை குறைவு. மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; அப்படி குண்டூர் நாட்டில் ஓடையோரப் பள்ளம் ஒன்றில் பதினோரு தென்னை இருந்தது. காளியம்மாள் என்பவருடையது. அப்போது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருந்தார். தென்னையின் அடியைச் சுற்றி ஒரு பாத்திரத்தைத் துலக்கி வைத்தது போல் சுத்தமாக இருக்கும். திட்டத்தின் இலக்கை எட்ட எனக்குத் தென்னை வேண்டும். அவருக்கு வண்டும் இல்லை, பொறியும் வேண்டாம்.

"இங்க ஏதுங்க சார் வண்டு? நான் கண்டதே இல்லீங்க."

"வராம இருக்கறதுக்குத்தாம்மா இது."

"வராததுக்கு எதுக்குங்க வாளி? வாளிய மட்டும் குடுத்துட்டுப் போங்க, தண்ணி மோக்க ஆவும்."

அன்றைக்கே அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம். நான் வேலியோரம் தள்ளி, ஒரு சில்வர் ஓக் மரத்தில் பொறியைக் கட்டி, போட்டோ எடுத்து அனுப்பினேன். உதவி இயக்குநர் போன் செய்தார். "தம்பி, பொறி தனியா நின்னா அது வாளி. தென்னையோட நின்னாத்தான் திட்டம். மேலேருந்து கேக்கற போட்டோல மரம், பொறி, விவசாயி மூணும் இருக்கணும்."

"சார், தோப்புக்குள்ள கட்டக் கூடாதுன்னு..."

"டீ சாப்பிட்டியா தம்பி?"

அவிழ்த்துக் கொண்டுவந்து நடு மரத்தில் கட்டினேன். காளியம்மாளைப் பக்கத்தில் நிறுத்தினேன். "சிரிங்கம்மா" என்றேன். "வாளிக்கு நான் எதுக்குங்க சிரிக்கோணும்?" என்றார். சிரிக்காமலே எடுத்தேன். போட்டோ எடுத்த பிறகு பொறியைப் பழைய இடத்துக்கே மாற்றிக் கட்டியிருக்கலாம். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடினேன்.

அடுத்த முறை என்பது பங்குனியில் வந்தது. நடுவில் ஆலத்தூர் நாட்டில் மிளகுக் கணக்கெடுப்பு, அப்புறம் ஒரு பயிற்சி முகாம். வாரம் ஒருமுறை மாற்ற வேண்டிய வாளி வெயிலில் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. பொட்டலம் மட்டும் கடமை தவறாமல் வேலை செய்துகொண்டிருந்தது. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வாசலைப் பூட்டியது போல. வந்த விருந்தாளிகள் எங்கே போவார்கள்? சாக்கின் மேலே ஆறு வண்டுகள் உயிரோடு நடந்துகொண்டிருந்தன. வாட்சைக் கழற்றிவிட்டு நடு மரத்தில் காதை வைத்தேன்.

முறுக்கு.

அடுத்த மரம். முறுக்கு. மூன்றாவதில் ஒரு பந்தியே நடந்துகொண்டிருந்தது. விரல் நுழையும் ஓட்டை, அதிலிருந்து வெற்றிலைச் சாறு போல வடிந்த கறை.

இந்த இடத்தில் ஒரு நல்ல அலுவலர் என்ன செய்வார் என்று பயிற்சியில் கேட்பார்கள். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பொட்டலத்தைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று இன்று வரை தெரியாது. திருடன் கத்தியை ஒளிப்பது போல ஒளித்தேன். "என்னங்க சார், மூஞ்சி வெளுத்துப்போச்சு?" என்று காளியம்மாள் கேட்டதற்கு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய் ஏறினேன்.

அறுபதோ அறுபத்தொன்றோ எண்ணும்போது பக்கத்துச் சீட்டுக்காரர் சொன்னார், "ஏனுங்க, உங்க ஜோப்புல ஏதோ ஊருதுங்க."

பார்த்தேன். என் நெஞ்சின் மேல், சரியாக இருதயம் இருக்கும் இடத்தில், சிவப்பாக ஒரு வண்டு மூக்கை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தோப்பிலிருந்தே சட்டையில் தொற்றி வந்திருக்க வேண்டும். நான் போட்ட கூச்சலில் டிரைவர் பிரேக்கை அழுத்தினார். வளைவில் பஸ் நின்றது. ஒரு பலாப்பழம் உருண்டு முன்னால் போனது. ஒரு கிழவி, "சாமி, பாம்பா?" என்று காலைத் தூக்கிக்கொண்டார். கண்டக்டர் வந்து இரண்டு விரலால் வண்டை எடுத்து ஜன்னல் வழியே எறிந்தார். "இதுக்காங்க சார்? கடிக்கக்கூடக் கடிக்காதுங்களே" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். இந்தக் கதையைப் பிரிவு உபசார விழா வரைக்கும் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். பையில் என்ன இருந்தது என்பதை மட்டும் சொன்னதில்லை.

மறுநாள், எனக்கே நம்ப முடியவில்லை, உண்மையை எழுதினேன். பொறி தோப்புக்குள் கட்டப்பட்டது, வாளி காய்ந்தது, மூன்று மரங்களில் புழு, மூன்றையும் வெட்டி எரிக்க உத்தரவு வேண்டும். உதவி இயக்குநர் நின்றபடி படித்தார். கவிழ்த்தார். குண்டை வைத்தார். நான் டீ சாப்பிட்டேன்.

உத்தரவு இல்லாவிட்டால் என்ன, காளியம்மாளுடைய மரம், அவரே வெட்டட்டும் என்று மலையேறினேன். மூன்றை வெட்டி எரித்தால் எட்டுப் பிழைக்கும் என்றேன். காளியம்மாள் அடுப்புக்கு விறகு ஒடித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"நான் வெட்டக் கூடாதுங்க சார்."

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பட்டா கூட்டுப் பட்டா. கணவர் போனதும் கொழுந்தன் சின்னான் பள்ளத்தைக் கேட்டிருக்கிறான். ஊர் கூடிப் பேசியிருக்கிறது. தென்னை வைத்தது அவள். அவள் வைத்த மரம் ஒன்றாவது நிற்கிற வரைக்கும் பள்ளம் அவளுடையது. மரம் எல்லாம் போனால் சின்னானுக்கு. மரத்தை விற்கவோ வெட்டவோ கூடாது. அவளே கோடாலி வைத்தால் அன்றைக்கே பேச்சு முறிந்தது.

"நீங்க வெட்டுங்க சார். சர்க்காரு வெட்டுச்சுன்னு ஆவட்டும்."

"உத்தரவு வரணும்மா."

"எப்ப வரும்?"

வராது என்று சொல்ல வாய் வரவில்லை. பதிலாக மருந்து ஊற்றினேன். மேல் ஓட்டையில் புனலை வைத்து மருந்துத் தண்ணீரை ஊற்றி, எல்லா ஓட்டையையும் களிமண்ணால் அடைக்க வேண்டும். அவர் புனலைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே, "நீங்க வாளி கட்டறதுக்கு முந்தி இது இங்க இல்லீங்களே சார்" என்றார். கேள்வியாகக் கூடக் கேட்கவில்லை.

"பருவநிலை மாற்றம்மா" என்றேன். எங்கள் துறையில் அந்தச் சொல்லும் ஒரு களிமண்தான். எந்த ஓட்டையையும் அடைக்கும்.

மருந்து தாமதம். குருத்து ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. வெட்டாமல் நின்ற மரத்துக்குள் புழு வண்டாகி அடுத்த மரத்துக்குப் போனது. ஐந்து மரம் போன பிறகு காளியம்மாளே என்னை ஊர்ப் பெரியவரிடம் கூட்டிப்போனார். கம்பளி போர்த்தி, வெயிலில் உட்கார்ந்திருந்த மனிதர். பக்கத்தில் சின்னானும் நின்றான்.

"அவ சரியா பாக்கலீங்க, அதான் சாவுது" என்றான் சின்னான்.

"நானாடா பாக்கல? மரத்துக்குப் பொட்டு வெக்காத கொறை ஒண்ணுதான்!" என்றார் காளியம்மாள். "சார், நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அவங்க மேல தப்பில்லீங்க. வாளி... வாளியாலயும் இருக்கலாம்" என்றேன். அந்த 'இருக்கலாம்' என் வாயில் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அது சம்பளத்தோடு வருவது.

பெரியவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "காத்துல சாஞ்சாலும் வண்டு தின்னாலும் வுழுந்தது வுழுந்ததுதானுங்க. ஆனா சர்க்காரு வாளி கட்டி அதுனால வுழுந்துச்சுன்னா அது வேற. அந்த மரம் நிக்கறதா கணக்கு. எழுத்துல குடுங்க சார். ஊரக் கூட்டிப் படிச்சுருவோம்."

ஒரு தாள். அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. பதினோரு மரமும் செத்தாலும் பள்ளம் காளியம்மாளுக்கு நிற்கும். என் சட்டைப் பையில் பேனா இருந்தது. பொட்டலம் இருந்த அதே பை. "ஆபீசுல போய் சீல் வெச்சுக் கொண்டாரேன்" என்றேன்.

இறங்கும்போது வளைவுகளை எண்ணவில்லை. எண்ண நேரமில்லை. வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. எழுதிக் கொடுத்தால் விசாரணை, தற்காலிகப் பணிநீக்கம், அப்புறம் பென்ஷன். மகள் கல்லூரி முதல் வருடம். வீட்டுக்குப் போனதும் எனக்குக் காய்ச்சல் வந்தது. நிஜக் காய்ச்சல்தான், பயத்துக்கு அந்தத் திறமை உண்டு. மருத்துவ விடுப்பு போட்டேன். விடுப்பு முடிந்ததும் குண்டூர் நாட்டை வேறு ஆளுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். உதவி இயக்குநர் உடனே பச்சை மையில் போட்டுக் கொடுத்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக அவர் கையெழுத்திட்டது அந்த ஒன்றுதான்.

அந்த ஆண்டு ஒரு அரசு விழாவில், மலையில் கூன்வண்டுகளைப் பொறி வைத்துப் பிடித்ததற்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழ். மலையில் கண்ட வண்டெல்லாம் பிடிபட்ட கணக்கில் ஏறியிருந்தது; பிடிபட்ட வண்டு அதிகம் என்றால் திட்டம் வெற்றி. அந்த வண்டு எதனால் வந்தது என்று கேட்கப் படிவத்தில் இடம் இல்லை. மேடையில் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன். வாளிக்குச் சிரிக்க மறுத்த ஒருவரை நினைத்துக்கொண்டே சிரித்தேன்.

கடைசி மரம் மறு வருடம் விழுந்தது என்று கண்டக்டர்தான் சொன்னார். "அந்தப் பள்ளத்துல இப்ப சின்னான் குச்சி போட்டிருக்கானுங்க சார்." மரவள்ளிக் குச்சி. அதற்குப் பிறகு நானும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. எந்த மரத்தில் காது வைத்தாலும் பயமாக இருந்தது. சத்தம் கேட்டால் எழுத வேண்டும். கேட்காவிட்டாலும் கேட்பது போல இருந்தது. விருப்ப ஓய்வு விண்ணப்பத்தில் காரணம் 'செவித்திறன் குறைவு' என்று எழுதினேன். அதிலும் ஒரு பொய்.

பணிக்கொடை கைக்கு வந்த பிறகுதான், எனக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று உறுதியான பிறகுதான், அந்தத் தாளை எழுதி எடுத்துக்கொண்டு மலையேறினேன். என் வீரம் அவ்வளவு நிதானமானது. காளியம்மாள் அதே பள்ளத்தில், சின்னானுக்குக் கூலிக்குக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். வரப்பில் உட்கார்ந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார்.

"எல்லாம் எழுதிருக்கீங்க. வாளி கட்டப்பட்டது, காய்ஞ்சு போச்சு, வண்டு வந்துச்சு. இதுல உங்களையக் காணமுங்களே சார்?"

பார்த்தேன். உண்மைதான். ஓய்வு பெற்ற பிறகும் நான் அந்தத் தாளுக்குள் போகப் பயந்திருக்கிறேன். பேனாவை எடுத்தேன். முழங்காலில் வைத்துத் திருத்தி எழுதி நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"பெரியவரு போயிட்டாருங்க. ஊருல இனிப் பழசைப் பேச ஆளில்ல. எனக்கு நடந்தது தெரியும். தெரியாதவங்களுக்குக் குடுங்க, போங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுல்ல?"

அவர் கேலி செய்தாரா என்று இறங்கும் வரை யோசித்தேன். எழுபது வளைவிலும் விடை கிடைக்கவில்லை.

கருவியைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண்ணுக்கு: வாங்குங்கள், என் காதைவிட நன்றாகவே கேட்கும். அந்தத் தாளில் இருந்ததைக் கீழே தருகிறேன். இதழைக் கவிழ்த்து வைத்தாலும் மற்றப் பிரதிகள் எங்காவது நிமிர்ந்து கிடக்கும் அல்லவா?

'குண்டூர் நாட்டுப் பள்ளத்தில் காளியம்மாள் வைத்து வளர்த்த பதினோரு தென்னைகளும் அவர் பராமரிக்காததால் சாகவில்லை. பொறியைத் தோப்புக்குள் கட்டியவன் நான். வாளியைக் காயவிட்டவன் நான். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனவன் நான். அந்த மரங்கள் நிற்பதாகவே கணக்கு.'